எழுபது வளைவுக்கு மேலே ஒரு வாய்தா

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பும் பேருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்து காரவள்ளியில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. ஆகாய கங்கை அருவியில் குளிக்கப் போகிறவர்கள் ஜன்னலோரம் பிடித்து அந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறுகிறார்கள். எதிரே இறங்கி வரும் பேருந்தில் வேறு வகைப் பயணி இருக்கிறார். கையில் மஞ்சள் பை. பைக்குள் நெகிழி உறையில் மடித்து வைத்த சம்மன், பழைய ரசீதுகள், ரேஷன் அட்டை. அவர் நீதிமன்றத்துக்குப் போகிறார்.

அவருடைய கணக்கு எளிமையானது. விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். குக்கிராமத்திலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் நடை. மலையிறங்கிய பின் இன்னொரு பேருந்து. காபித் தோட்டத்திலோ மிளகு பறிப்பிலோ கிடைத்திருக்கும் அன்றைய கூலி போயிற்று. துணைக்கு மகன் வந்தால் அவன் கூலியும் போயிற்று. பத்தரை மணிக்கு நீதிமன்ற வராந்தாவில் நின்றால், வக்கீல் குமாஸ்தா வந்து “வாய்தா போட்டாச்சு, அடுத்த மாசம் வாங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். காலையில் இறங்கிய எழுபது வளைவையும் மாலையில் ஏற வேண்டும்.

வழக்கறிஞர்கள் தங்கள் பெயரை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி, எந்தச் செயலியை வாங்குவது, அலுவலகத்தை எப்படி நடத்துவது என்றெல்லாம் பெருநகரங்களில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேசுவதில் தவறில்லை. ஆனால் அந்த யோசனைகள் ஒவ்வொன்றையும் இந்த மலைப்பாதையில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். மேலே இருக்கும் கட்சிக்காரருக்கு அது ஒரு பயணத்தையாவது மிச்சப்படுத்துகிறதா? மிச்சப்படுத்தினால் நல்ல யோசனை. இல்லையென்றால் அது வழக்கறிஞரின் மேசைக்கு ஓர் அலங்காரம்.

அப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் வாழும் தேவனூர் நாடு, கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் இன்று ஓர் ஊராட்சி. நாடு என்றாலும் ஒரே ஊராகக் குவிந்து கிடப்பதில்லை. சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிறு சிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதன் நிழலில் காபி. தாழ்ந்த இடங்களில் படிப்படியாக வெட்டிய நெல்வயல். மேட்டில் சாமையும் கேழ்வரகும். பலா பழுக்கும் மாதங்களில் காற்றே இனிக்கும்.

இங்கு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். பேசுவது தமிழ், மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பேசித் தீர்க்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கீழே இருக்கும் நீதிமன்றத்துக்கு ஒரு தகராறு போகிறதென்றால், பெரும்பாலும் மேலே பேசித் தீராமல் போனது என்று பொருள்.

வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், அரசு மருத்துவமனை எல்லாம் செம்மேட்டில் இருக்கின்றன. வல்வில் ஓரி சிலையும் அங்கேதான். ஆனால் பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் கையெழுத்துப் போதாது. தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் அந்தச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. கோட்டாட்சியர் நாமக்கல்லில். மகளைக் கல்லூரியில் சேர்க்க நினைக்கும் தேவனூர் நாட்டு அப்பாவின் முதல் சட்டச் சிக்கல் பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான் தொடங்குகிறது.

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைத் தெரிந்த வழக்கறிஞர் கிடைப்பது பெரிய உதவி. அரசியலமைப்புச் சட்டப்படி வெளியான பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது என்பதால் கொல்லிமலைக்காரர்கள் பட்டியலுக்குள் வருகிறார்கள். அதே மலையாளி மக்கள் ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருந்தால் வருவதில்லை. திருமணமாகி மலை விட்டு மலை போன ஒரு பெண்ணின் பிள்ளைகளுக்கு இந்த ஒற்றை வரி வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடும். சான்றிதழின் மெய்ம்மையைச் சோதிக்கும் முறையை உச்ச நீதிமன்றம் 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் வகுத்தது. அந்த விசாரணைக்கு அழைப்பு வரும்போது தாத்தா காலத்து நிலப் பத்திரமும் பள்ளிப் பதிவும் கேட்பார்கள். மஞ்சள் பையின் அருமை அன்றைக்குத் தெரியும்.

சரி, அந்த விஷயம் தெரிந்த வழக்கறிஞரை மலைமேல் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த இடத்தில்தான் விளம்பரம் என்ற பேச்சு வருகிறது. அமெரிக்காவில் 1977இல் பேட்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு அங்கே நெடுஞ்சாலைப் பலகைகளில் வழக்கறிஞர் முகங்கள் சிரிக்கின்றன. இந்தியாவில் கதவு சாத்தியே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளில் 36ஆம் விதி, வழக்குத் தேடிப் போவதையும் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதி என்றோ பார் கவுன்சில் உறுப்பினர் என்றோ அதில் எழுதக்கூடாது. தான் நடத்தும் வழக்கை ஒட்டித் தன் படத்தைப் பத்திரிகையில் வரச்செய்யவும் கூடாது. 2008இல் ஒரு சிறு ஜன்னல் திறந்தது: சொந்த இணையதளம் வைத்துக்கொள்ளலாம், அதில் பெயர், முகவரியும் தொடர்பு எண்ணும், பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் என்பது ஆகியவற்றை மட்டும் சொல்லலாம்.

அந்த ஜன்னலைப் பலர் கதவாக்கிக்கொண்டார்கள். 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு இதைப் பற்றிக் கடுமையாகப் பேசியது. குவிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் போன்ற தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்வது தொழில் நெறிக்கு மாறானது என்று தீர்ப்பளித்து, ஒழுங்கு நடவடிக்கை எடுக்குமாறு மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. மறு ஆண்டு 2025 மார்ச்சில், நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்துச் செய்யும் விளம்பரங்களுக்கு எதிராக பார் கவுன்சில் மீண்டும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1975இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த தாபோல்கர் வழக்கைப் படித்தால் புரியும். பம்பாய் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் சில வழக்கறிஞர்கள் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களை மறித்து, ஒருவர் கையிலிருந்த காகிதத்தை இன்னொருவர் பிடுங்கி, கட்டணத்தைக் குறைத்துக் கூவி வழக்குப் பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்தக் காட்சியை மன்னிக்கவில்லை. முதல் முறையாக நீதிமன்ற வாசலுக்கு வரும் மலைவாசி ஒருவரை அந்த நெரிசலில் நிறுத்திப் பார்த்தால், விதி யாருக்காக இருக்கிறது என்பது விளங்கும்.

விளம்பரம் இல்லாத இடத்தைத் தரகர் பிடித்துக்கொள்கிறார் என்பதும் உண்மை. பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் காவல் நிலையத்துக்கு எதிரிலும் நின்று, “நமக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காருங்க” என்று தோளில் கைபோடுகிறவர். அவர் பங்கை எடுத்தது போகத்தான் மிச்சம் வழக்கறிஞருக்கு. எல்லாச் சுமையும் கட்சிக்காரர் தலையில். 1879ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தரகர்களைத் தடுக்கும் பிரிவு இருந்தது. 2023இல் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தி 45ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். தரகர்களின் பட்டியலை நீதிமன்றமே தயாரித்து வெளியிடலாம். கொல்லிமலைக்காரருக்குத் தரகரிடமிருந்து தப்பிக்க இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அது பலருக்குத் தெரியாது என்பது வருத்தம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. பழங்குடியினர் எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்டு. ஏழை என்று நிரூபிக்கச் சான்றிதழ் வாங்கி வர வேண்டியதில்லை. பழங்குடி என்பதே போதும். அப்படியானால் தேவனூர் நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த உரிமை இருக்கிறது. நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுத்தால் குழு வழக்கறிஞர் ஒருவரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் பேசியும் வழி கேட்கலாம். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் காசு வாங்கக்கூடாது. மலையில் ஆடு விற்றும் பலா மரத்தைக் குத்தகைக்கு விட்டும் வக்கீல் பீஸ் கட்டுகிற வீடுகளில் இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும்.

பெயர் பரவுகிற வழியை மலையில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தாரும் அன்னாசியும் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே வழக்குப் பேச்சு வந்தால், எந்த வழக்கறிஞர் ஜெயிப்பார் என்பது பிற்பாடுதான் வரும். முதலில் வருகிற கேள்விகள் வேறு. போன் எடுப்பாரா? போனால் உட்கார வைத்துப் பேசுவாரா? காகிதத்தைத் திருப்பித் தருவாரா? “அந்த வக்கீலம்மா வராதீங்கன்னு முந்தின நாளே சொல்லிடுவாங்க” என்ற ஒரு வாக்கியம் சந்தையிலிருந்து பதினான்கு நாட்டுக்கும் போய்விடும். எந்த விதியும் தடுக்காத விளம்பரம் அது. அதைச் சம்பாதிக்கத்தான் தொழில்நுட்பமும் அலுவலக ஒழுங்கும் வேண்டும்.

முதல் கருவி பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு. கீழமை நீதிமன்றங்களில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று ஒன்று கிடைக்கிறது. ஈ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, போன வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்பதெல்லாம் வந்துவிடும். காசு இல்லை. 2007இல் தொடங்கிய ஈ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அரசு ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். அத்தனை கோடியின் பயன் தேவனூர் நாட்டில் ஒரு வீட்டுக்குப் போய்ச்சேர, வழக்கறிஞர் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். பலர் கொடுப்பதில்லை. எண்ணைக் கொடுத்துவிட்டால் கட்சிக்காரர் நம்மைக் கேட்காமலே தேதி பார்த்துவிடுவாரே என்ற தயக்கம் சிலருக்கு. அப்படிப் பார்க்கட்டும். அதுதான் நம்பிக்கையின் தொடக்கம்.

துண்டுக் காகிதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஒரு மேட்டில் ஏறி நின்றால் கிடைக்கும், பள்ளத்து வீட்டில் கிடைக்காது. இரவில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மறுநாள் மதியம் சந்தைக்கு வரும்போதுதான் திறக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு எழுத்துச் செய்தியால் பயனில்லை. முப்பது வினாடிக் குரல் பதிவு பயன்படும். “ஆயா, வர்ற செவ்வாக்கெழமை நீங்க வரவேண்டியதில்லைங்க. நான் பாத்துக்கறேன். அதுக்கடுத்த தேதிக்குத்தான் சாட்சி. அன்னைக்குக் கட்டாயம் வரணும்.” இவ்வளவுதான் வேண்டும். அதோடு, சிக்னல் கிடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணையும் முதல் நாளே கட்சிக்காரரின் சம்மதத்தோடு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறவர் விவரமான வழக்கறிஞர்.

வாட்ஸ்அப்பைப் பற்றி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் மின்னணு வழிக்கு நிறைய இடம் தருகிறது. ஆனால் விசாரணைக்கு வரச்சொல்லிக் காவல்துறை கொடுக்கும் 35ஆம் பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. போனில் வந்த ஒரு படத்தைப் பார்த்துப் பயந்து, யாரோ ஒருவருக்குப் பணம் அனுப்பிவிடாமல் இருக்க இந்த ஒரு செய்தி உதவும்.

நிலக் காகிதங்களில் தொழில்நுட்பம் உண்மையிலேயே பயணத்தை மிச்சப்படுத்துகிறது. பட்டா, அ-பதிவேடு விவரங்களைத் தமிழக அரசின் இணையச் சேவையில் பார்த்துவிடலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் எடுத்துவிடலாம். முன்பெல்லாம் இதற்காகவே இரண்டு மூன்று முறை ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். இன்று வழக்கறிஞர் தன் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துச் சொல்லலாம். சொல்கிறவர்கள் சொல்கிறார்கள், இன்னமும் “நீங்களே போய் வாங்கிட்டு வாங்க” என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

வனத்தை ஒட்டிய நிலம் என்றால் கதை நீளும். 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தில் குடியிருந்தோ உழுதோ வந்த பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். கிராம சபை, கோட்ட அளவிலான குழு, மாவட்ட அளவிலான குழு என்று மூன்று படி. தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகே வேலை நகர்ந்தது. இந்தச் சட்டத்தில் மனுவுக்கு ஆதாரமாகக் கிணறு, வரப்பு, வீடு, இடுகாடு போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களையும், ஊர்ப் பெரியவர்களின் எழுத்துப்பூர்வமான வாக்குமூலத்தையும் ஏற்கலாம் என்று விதியே சொல்கிறது.

ஒரு கைப்பேசிக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்க முடியும்? தாத்தா வெட்டிய கிணற்றை, கல் அடுக்கிய வரப்பை, முப்பது வயது பலா மரத்தை, இடமும் தேதியும் பதிவாகும்படி படம் எடுக்கலாம். எண்பது வயது முதியவர் உட்கார்ந்து யார் எந்தக் காலத்தில் எந்தச் சரிவைத் திருத்தினார்கள் என்று சொல்வதைப் பதிவுசெய்து, எழுதி, கைநாட்டு வாங்கலாம். வழக்கறிஞர் மலைக்கு வந்தால் ஒரே நாளில் ஓர் ஊருக்கே இதைச் செய்துவிடலாம். நாமக்கல்லில் உட்கார்ந்து மஞ்சள் பைக்காகக் காத்திருந்தால் நடக்காது. கிராம சபையின் முடிவு பாதகமாகப் போனால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான் அவகாசம் என்பதும் வழக்கறிஞரின் நாட்குறிப்பில் சிவப்பு மையில் இருக்க வேண்டியது.

வழக்கறிஞரும் நீதிபதியும் மக்கள் இருக்கும் இடத்துக்கே போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே மலையாளி மக்களின் வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 1995இல் வழக்கு சி.பி.ஐ. வசம் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார்.

31 ஆண்டு. ஒரு வழக்கு அவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டுமானால், அத்தனை வாக்குமூலங்களும் மருத்துவச் சான்றுகளும் அடையாள அணிவகுப்பு ஆவணங்களும் கைமாறிக் கைமாறி வந்தும் கிழியாமல், தொலையாமல் இருக்க வேண்டும். சாட்சிகள் சோர்ந்துபோகாமல் ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களுக்கு விஷயம் போய்ச் சேர வேண்டும். பழங்குடி மக்கள் சங்கமும் வழக்கறிஞர்களும் சேர்ந்து சுமந்த அந்தச் சுமையைக் கோப்பு பராமரிப்பு என்ற பெயரில் யாரும் பாராட்டுவதில்லை. பாராட்ட வேண்டும். வெற்றியின் பாதி அங்கே இருந்தது.

அந்த அளவு பெரிய வழக்கு எல்லாருக்கும் வராது. தேவனூர் நாட்டிலிருந்து வருவது பாகப்பிரிவினை, வழித்தடத் தகராறு, அடமானம் வைத்த தோட்டம், மலைப்பாதையில் நடந்த விபத்து. இவற்றில் தோற்பதற்குச் சட்டத்தை விடத் தேதிதான் அதிகக் காரணம். உரிமையியல் வழக்கில் வாய்தாவுக்குப் பிரதிவாதி தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதற்கு 30 நாள். மோட்டார் விபத்து இழப்பீட்டுக்கு, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். கால் முறிந்து மலைவீட்டில் படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் எப்போது போயிற்று என்றே தெரியாது. ஆகவே, கட்சிக்காரர் முதல்முறை வந்த அன்றே கடைசித் தேதியைக் கணக்கிட்டு, குமாஸ்தாவின் நோட்டிலும் வழக்கறிஞரின் டைரியிலும் கைப்பேசி நாட்காட்டியிலும் மூன்று இடத்தில் எழுதுவது வழக்கமாக வேண்டும். விலை உயர்ந்த மென்பொருள் செய்வதும் இதைத்தான்.

பீஸ் விஷயத்தில் எழுத்து கட்டாயம் வேண்டும். எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில், நீதிமன்றக் கட்டணம் தனியா, குமாஸ்தாவுக்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம், வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. அதனால் மனக்குறையுள்ள கட்சிக்காரர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மாநில பார் கவுன்சிலிடம் புகார் செய்யலாம், வேறு வழக்கும் போடலாம். சென்னை வரை புகாரோடு போகும் வசதி மலைக்காரருக்கு எங்கே இருக்கிறது? அவருக்கு மிஞ்சும் பாதுகாப்பு அந்த ரசீதும், வழக்கறிஞரின் மனசாட்சியும்.

வழக்கறிஞரை மாற்றிக்கொள்ள விரும்பினால் காகிதங்களைத் திருப்பித் தர மறுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். 2000ஆம் ஆண்டு ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: பாக்கி இருந்தாலும் கட்சிக்காரரின் ஆவணங்கள் மீது வழக்கறிஞருக்குப் பிடிமானம் இல்லை. இன்னும் நல்ல வழி, மூல ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாமலே இருப்பது. ஸ்கேன் செய்துகொண்டு, மூலத்தை அன்றே மஞ்சள் பைக்குள் திருப்பி வைத்துவிடலாம். கேரளத்தின் வயநாட்டில் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக முகாம் நடத்திப் பழங்குடி மக்களின் ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்து டிஜிலாக்கரில் ஏற்றியது. கூரை ஒழுகினாலும் ஆவணம் நனையாது. அந்த வேலையைக் கொல்லிமலையிலும் செய்யலாம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ஒரு சொல். மனு வரைய, ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் சுருக்கிச் சொல்ல, அது துணை செய்கிறது. உச்ச நீதிமன்றமே 2019 முதல் சுவாஸ் என்ற மென்பொருளைத் தீர்ப்பு மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துகிறது. ஆனால் 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதி, நீதிமன்றத்தில் 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். இல்லாத தீர்ப்பைக் காட்டிய வழக்கறிஞருக்கு அபராதம். வழக்கை இழக்கிற கட்சிக்காரருக்கோ நிலமே போய்விடும். கட்சிக்காரரின் சாதிச் சான்றையும் ஆதாரையும் முகம் தெரியாத ஒரு சர்வரில் ஏற்றுவதற்கு முன் அவரிடம் கேட்கவும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய யோசனை, மாதத்தில் ஒரு நாள் மலைக்கு வருவது. தானாக மலைக்கு வந்து ‘வழக்குக் கொடுங்கள்’ என்று கேட்டால் அது 36ஆம் விதிக்கு விரோதம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வந்தால் கடமை. அதைத் தொடங்க நல்ல நாள் ஒன்றும் இருக்கிறது. ஆடி 17, 18 நாட்களில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்குப் பதினான்கு நாட்டு மக்களும் செம்மேட்டுக்கு வருகிறார்கள். தோட்டக்கலைத்துறை மலர்க்கண்காட்சி வைக்கிறது, வேறு பல துறைகளும் அரங்கு போடுகின்றன. அங்கே சட்ட உதவிக்கும் ஓர் அரங்கு பெரிதாக இருக்கட்டும். இரண்டு குழு வழக்கறிஞர்கள், ஒரு பெண் வழக்கறிஞர் அவசியம். சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெற்ற மலையாளி இளைஞர் ஒருவர். ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். வருகிறவரிடம் வழக்கு எண்ணைக் கேட்டு, அடுத்த வாய்தாவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். வழக்கே இல்லாதவருக்கு 12ஆம் பிரிவு மனுப் படிவமும் 15100 என்ற எண்ணும் அச்சிட்ட தாள். தேவனூர் நாட்டுக்குத் திரும்பும் பேருந்துகள் கிளம்புவதற்குள் இந்த வேலையை முடித்துவிடலாம்.